கூலியைக் கூட்டினால் வேலையில் மனம் வந்துவிடுமா?

இழையைத் தொடங்கிய கேள்வி: செவ்வாய்ப்பேட்டை வாசகர் ஒருவர், 2024 நவம்பர் 6

சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போனஸ் கொடுத்தேன். பண்டிகை முடிந்து பட்டறையைத் திறந்தால், பற்றவைப்பில் கைதேர்ந்த இருவர், கிலோவுக்குச் சில ரூபாய் அதிகம் என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களும் கடமைக்குச் செய்கிறார்கள். மனநிலை, ஈடுபாடு, ஊக்கம் என்று எழுதுகிறவர்கள் யாரும் கூலி கொடுத்துப் பார்த்தவர்கள் அல்லர் என்பது என் எண்ணம். கூலி ஒன்றுதான் உளவியல். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

2024 நவம்பர் 7

பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருவர் ஏன் வேலையை விட்டுப் போகிறார் என்பது ஒன்று. போகாமல் இருப்பவர் எப்படி வேலை செய்கிறார் என்பது இன்னொன்று. முதலாவதைப் பெரும்பாலும் கூலிதான் முடிவு செய்கிறது, அதிலும் பட்டறைகள் அடுத்தடுத்து இருக்கும் தெருவில் வேறு எதுவும் அதன் முன் நிற்காது. இரண்டாவதில் கூலிக்குப் பங்கு உண்டு. ஆனால் முழுப் பங்கு இல்லை.

நான் கூலி கொடுத்துப் பார்த்தவள் அல்லள் என்பது உண்மை. கொடுக்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டியிருந்தது. சேலத்தை ஒட்டிய ஒரு நூற்பாலையில் அந்த நாற்காலி என்னுடையது.

போனஸைப் பற்றி ஒன்று. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், கூடினால் 20 சதவீதம் என்று எல்லை கட்டியிருந்தது. அந்தச் சட்டம் எட்டாத சின்னப் பட்டறைகளிலும் தீபாவளிப் பணம் ஆடி மாதமே மனத்தில் செலவாகிவிடுகிறது. பட்டாசுக்கும் துணிக்கும் சீட்டுப் பாக்கிக்கும் பிரித்து வைத்தாயிற்று. ஆகவே அது வந்தால் மகிழ்ச்சி இல்லை, வராவிட்டால் பெருங்கோபம் உண்டு. பிட்ஸ்பர்க் நகரத்துப் பொறியாளர்களையும் கணக்கர்களையும் விசாரித்து ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்னது ஏறக்குறைய இதுதான்: மனக்குறையை உண்டாக்குகிற காரணங்கள் வேறு, வேலையில் மனத்தைச் செலுத்த வைக்கிற காரணங்கள் வேறு. அவர் போட்ட கோடு பின்வந்த ஆய்வுகளில் அவ்வளவு சுத்தமாக நிற்கவில்லை என்றாலும், போனஸ் விஷயத்தில் அவர் சொன்னதை நான் ஒவ்வோர் ஐப்பசியிலும் நேரில் பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பர் 9

"மிச்சம் இருப்பவர்கள் கடமைக்குச் செய்கிறார்கள்" என்று நீங்கள் எழுதிய வரிதான் இரண்டு நாளாக மனத்தில் இருக்கிறது. ஆலையில் நடந்த ஒன்றைச் சொன்னால் என் வாதம் விளங்கும்.

ஒரு பகுதியில் 40-ஆம் நம்பர் நூல் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் 60-ஆம் நம்பருக்கு மாறினார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். அதே கதிர், அதே நேரம், ஆனால் இறங்கும் எடை குறையும். ஊக்கத்தொகையோ கிலோக் கணக்கில் இருந்தது. கிலோவுக்கான விகிதத்தை நிர்வாகம் உயர்த்தத்தான் செய்தது. ஆனால் மெல்லிய நூல் தொடக்கத்தில் அதிகம் அறும் என்பதால் முதல் மாதங்களில் கைக்கு வந்த தொகை முன்பைவிடக் குறைந்தது. இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்த சைடர்கள், அதாவது இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அறுந்த இழையை இணைப்பவர்கள், நம் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

அதன்பின் நடந்தது வேலை நிறுத்தம் அல்ல. வருகைப் பதிவேடு சுத்தமாக இருந்தது, இயந்திரம் ஓடியது. ஆனால் அறுந்த இழையைக் கண்டவுடன் ஓடிப்போய் இணைத்தவர்கள், தங்கள் சுற்று வரும்வரை நடந்துபோய் இணைத்தார்கள். ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டதைப் பார்த்தும் மேஸ்திரியைக் கூப்பிடவில்லை. பக்கத்து இயந்திரத்தில் சத்தம் மாறினால் முன்பு திரும்பிப் பார்ப்பார்கள்; இப்போது அது பக்கத்து இயந்திரம், அவ்வளவுதான். கழிவுப் பஞ்சு ஏறியது. ஊக்கமூட்டும் வகுப்பு நடத்தச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, பலூன்களை ஊதச் சொல்லி, கைதட்டச் சொல்லி, போய்ச் சேர்ந்தார். கழிவு குறையவில்லை.

குறைத்தது ஸ்பின்னிங் மாஸ்டர். இனிமையாகப் பேசுகிற மனிதர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேன்டீனில் கரும்பலகையை வைத்து, நம்பர் ஏறினால் எடை ஏன் இறங்குகிறது, விகிதம் எப்படிப் போடப்பட்டது, எந்த அளவு அறுந்தால் எவ்வளவு இழப்பு, எப்போது பழைய தொகையைத் தொடலாம் என்று சுண்ணாம்புக் கட்டியால் போட்டுக் காட்டினார். ஒரு பைசாவும் கூட்டவில்லை. கழிவு இறங்கியது. பழைய அளவுக்கு வரவில்லை, ஆனால் இறங்கியது. வயதான சைடர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கொறஞ்சதுல வருத்தமில்லீங்க மேடம். நாங்களே கூட்டிக் கழிச்சுக் கண்டுபுடிச்சுக்கட்டும்னு விட்டுட்டாங்க பாருங்க, அதுதான்."

கடமைக்குச் செய்வது என்று நாம் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். எடை போடக்கூடிய வேலை அப்படியே நடக்கும். எடை போட முடியாத வேலை, அதாவது கவனிப்பது, திரும்பிப் பார்ப்பது, வந்து சொல்வது, இவை மட்டும் நின்றுபோகும்.

2024 நவம்பர் 10

நேற்று எழுதியது ஓர் ஆலையின் கதைதானே என்று கேட்பீர்கள். இதை அளந்து பார்த்தவர் இருக்கிறார். ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் 10 வாரங்களுக்குச் சம்பளம் 15 சதவீதம் குறைக்கப்பட்டது. ஒன்றில் காரணத்தை விரிவாக, வருத்தத்தோடு, கேள்விகளுக்குப் பதில் சொல்லி விளக்கினார்கள். இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். குறைப்பே இல்லாத மூன்றாவது தொழிற்சாலையோடு ஒப்பிட்டால் இரண்டிலும் தொழிலாளர்கள் பொருள்களைத் திருடுவது கூடியது. ஆனால் விளக்கம் சொன்ன இடத்தைவிடச் சொல்லாத இடத்தில் மிக அதிகமாகக் கூடியது. சம்பளம் பழையபடி ஆனதும் இறங்கிவிட்டது.

குறைந்த தொகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

2024 நவம்பர் 14

எடப்பாடியிலிருந்து ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: "பேச்சு சாதுரியத்தால் கூலியைக் குறைக்கும் வித்தையை முதலாளிகளுக்குக் கற்றுத் தருகிறீர்கள்." அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. விளக்கம் கிடைத்த தொழிற்சாலையிலும் மனிதர்களுக்கு 15 சதவீதம் போனது போனதுதான். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரர் விளக்கத்தை வாங்கிக்கொள்ளமாட்டார். பத்தாம் தேதிக் குறிப்பின் கடைசி வரியை இப்போது எழுதினால் இன்னும் நிதானமாக எழுதுவேன். விளக்கம் கூலிக்கு மாற்று அல்ல. கூலி எந்த முறையில் தீர்மானிக்கப்படுகிறது என்பது கூலியின் ஒரு பகுதியாகவே வாங்குகிறவர் மனத்தில் பதிகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதற்கு நம் நாட்டு ஆதாரமே இருக்கிறது. எமிலி பிரெசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தாசானி மூவரும் ஒடிசாவில் 378 தொழிலாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. சிறு சிறு குழுக்கள். சிலவற்றில் எல்லாருக்கும் ஒரே கூலி, சிலவற்றில் ஆளுக்கொரு கூலி. யார் எவ்வளவு செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியாத வேலைகளில், கூலி வேறுபட்டபோது உற்பத்தி இறங்கியது. தனக்குக் குறைவு என்று அறிந்தவர்கள் தங்கள் கூலியையே விட்டுக்கொடுத்து வேலைக்கு வராமல் நின்றார்கள். வருகை 18 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. ஆனால் அதிகம் வாங்குகிறவர் அதிகம் செய்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிகிற வேலைகளில் அதே வேறுபாடு எந்தப் பாதிப்பையும் உண்டாக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு ஒரு கேள்வி: உங்கள் பட்டறையில் பற்றவைப்பவருக்கும் சலங்கை கோப்பவருக்கும் மெருகு போடுபவருக்கும் கிலோவுக்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியுமா? காரணத்தோடு தெரியுமா?

2024 நவம்பர் 15

அவர் பதில்: "தொகை தெரியும். காரணம் எனக்கே தெரியாது, அப்பா காலத்திலிருந்து அப்படி."

மறுக்கமுடியாத நேர்மை.

2024 நவம்பர் 16

வேடிக்கையான செய்தி ஒன்று. காலப் நிறுவனம் உலகமெங்கும் தொழிலாளர் ஈடுபாட்டை 12 கேள்விகளால் அளக்கிறது. அவற்றில் ஒன்று, வேலையிடத்தில் உங்களுக்கு மிக நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறாரா என்பது. நம் பட்டறைகளில் இதைக் கேட்டால் என்ன வரும்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாமன் மகன், எதிரில் சித்தப்பா, உலை முன்னால் மைத்துனர். நண்பர் வேண்டுமென்றால் தேநீர்க் கடைக்குத்தான் போக வேண்டும். உறவு நெருக்கம் ஈடுபாட்டைக் கூட்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சித்தப்பா வைத்த பற்று சரியில்லை என்று எந்த மகன் வாயைத் திறப்பான் என்பதை அந்த 12 கேள்விகளில் ஒன்றும் தொடவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

2024 நவம்பர் 21

எடப்பாடி வாசகர் நேற்று எழுதியதில் ஒரு வரி: "முன்பணப் பாக்கி தலையில் நிற்கும்போது பாவு எப்படி ஓடுகிறது என்று எவன் பார்ப்பான்?" அவர் அறிந்தோ அறியாமலோ, வேலை ஈடுபாட்டை ஆராயும் துறையின் தொடக்கக் கட்டுரைக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

வில்லியம் கான் என்பவர் 1990-இல் எழுதியது அது. கோடைக்கால முகாம் ஒன்றின் வழிகாட்டிகளையும் கட்டடக் கலை நிறுவனம் ஒன்றின் ஊழியர்களையும் அருகிலிருந்து கவனித்து, ஒரே மனிதர் ஒரே வேலையில் சில தருணங்களில் தன்னை முழுதாகக் கொடுப்பதும் சில தருணங்களில் தன்னை உள்ளே இழுத்துக்கொள்வதும் ஏன் என்று கேட்டார். ஈடுபாட்டை அவர் ஆளின் குணமாகப் பார்க்காமல் தருணத்தின் நிலையாகப் பார்த்தார். "அவன் சோம்பேறி", "இவன் உழைப்பாளி" என்று நாம் முத்திரை குத்துகிற இடத்தில் அவர் வேறு மூன்றைத் தேடினார். இதைச் செய்வதால் ஏதாவது பயன் உண்டா. மனத்தில் உள்ளதைக் காட்டினால் எனக்குக் கெடுதல் வருமா. அதைக் காட்டுவதற்கான தெம்பு இன்று என்னிடம் மிச்சம் இருக்கிறதா. மனிதர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை என்றார்.

மூன்றாவதைப் பற்றி மேலாளர்கள் பேசுவதே இல்லை, அது வீட்டு விவகாரம் என்று நினைப்பதால். வீட்டு விவகாரம்தான், ஆனால் அது ஆளோடு சேர்ந்தே உள்ளே வருகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013-இல் வந்தது. ஒரே விவசாயி, அறுவடைக்கு முன்பு கையில் பணமில்லாத காலத்தில், கவனத்தையும் சிந்தனையையும் சோதிக்கும் பயிற்சிகளில் தடுமாறினார். அறுவடைப் பணம் வந்த பிறகு அதே பயிற்சிகளில் தேறினார். அறிவு மாறவில்லை, தலைக்குள் இருந்த நெரிசல் மாறியது. ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும், எண்ணிக்கைக்குக் கூலி பெறும் தொழிலாளர்களிடம் இன்னொரு சோதனை. சிலருக்குச் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். மொத்தத் தொகை கூடவில்லை, கொடுத்த நாள்தான் மாறியது. சராசரி உற்பத்தி ஏறக்குறைய 7 சதவீதம் உயர்ந்தது. வறுமை அதிகம் உள்ளவர்களிடம்தான் உயர்வு தெரிந்தது. அவர்கள் செய்த பிழையும் குறைந்தது.

ஆகவே, "கூலி ஒன்றுதான் உளவியல்" என்றவருக்கு நான் இங்கே ஓரடி கூடுதலாகவே விட்டுக்கொடுக்கிறேன். கூலியின் அளவு மட்டுமன்றி அது வந்து சேரும் நாளும் உளவியல்தான். சனிக்கிழமை தர வேண்டியதைச் செவ்வாய்க்கிழமை தருகிற பட்டறையில், ஞாயிறும் திங்களும் ஆட்கள் வேலையை நினைத்துக்கொண்டு வேலை செய்யமாட்டார்கள்.

முன்பணத்தைப் பற்றி என் கருத்து கடுமையானது. ஆளைக் கட்டிவைக்க அது உதவுகிறது என்று தறி முதலாளிகள் சொல்வார்கள். கட்டிவைத்த ஆளிடமிருந்து தறி ஓட்டத்தைத்தான் பெறலாம்.

2024 டிசம்பர் 4

சில நாள் எழுதவில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. மேலே எங்கள் உறவினர் ஒருவரின் சிறிய காபித் தோட்டத்துக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன்.

பழம் பழுக்கும் நேரத்தில் விடாத மழை பெய்தால் பழம் வெடித்து உதிரும். காபி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்தில் கீழ்ச் சரிவுப் பக்கத்துப் பழம் இவ்வாண்டு முன்னதாகவே சிவந்திருந்தது. பறிப்பு வரிசைப்படி அந்தப் பகுதி டிசம்பர் நடுவில்தான் வரும். சரிவில் பாதிக்கு மேல் தரையில் கிடக்கிறது.

பறிப்பவர்களில் மூத்தவர், மலைக் கிராமத்துப் பெண்மணி, இந்தச் செடிகளை நட்ட காலத்திலிருந்து அறிந்தவர். தொலைபேசியில் பேசியபோது, சரிவு முன்னால் பழுத்திருந்தது உங்களுக்குத் தெரியாதா அக்கா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். சென்ற ஆண்டு இதே போலச் சொன்னதாகவும், "வரிசை போடறது என் வேல, பறிக்கிறது உன் வேல" என்று ரைட்டர், அதாவது தோட்டத்து மேற்பார்வை எழுத்தர், சொல்லிவிட்டதாகவும், அதற்கப்புறம் தான் பறிக்கிற வேலையைப் பார்ப்பதாகவும் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை.

இவர் அன்றாடம் பறிக்கும் எடைதான் தோட்டத்திலேயே அதிகம். ஈடுபாட்டை அளக்கும் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் இவர் முதலிடத்தில் வருவார். வருகை முழுமை, எடை முழுமை, புகார் இல்லை. கான் சொன்ன இரண்டாம் கேள்விக்கு, மனத்தில் உள்ளதைக் காட்டினால் கெடுதல் வருமா என்பதற்கு, இவர் சென்ற ஆண்டே பதில் எழுதி மூடிவிட்டார் என்பது தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. புகார் சொல்கிற தொழிலாளியைப் பார்த்து அஞ்சுகிறோம். சொல்லிக்கொண்டிருந்தவர் வாய்மூடியதற்கு அஞ்சியிருக்க வேண்டும்.

ரைட்டரைக் குறை சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. அவர் மேல் உரிமையாளர், உரிமையாளர் மேல் வியாபாரி. அவர் சொல்வதையும் யாரும் கேட்பதில்லை.

2024 டிசம்பர் 5

தோட்டத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், நாட்கூலியோடு, குறிப்பிட்ட எடைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று சேர்த்துத் தருகிறோம். அராபிகாவில் சிவந்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறிக்க வேண்டும். எடைக்குப் பணம் என்றதும் கூடையில் பச்சைக்காய் ஏறுகிறது. அதற்கு அபராதம் போட்டால் பச்சைக்காய் கூடையின் அடியில் போகிறது.

வெளியிலிருந்து வரும் பணம் உள்ளிருந்து வரும் ஆர்வத்தைத் தின்றுவிடும் என்பதற்கு எட்வர்ட் டெசி 1971-இல் செய்த சோதனையைக் காட்டுவார்கள். புதிர்க் கட்டைகளை விளையாட்டாக அடுக்கிக்கொண்டிருந்த மாணவர்கள், அதற்குப் பணம் கொடுத்து, பின் பணத்தை நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் அவற்றை முன்போலத் தொடவில்லை. அவரும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் 128 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோதும் அதே போக்குதான் தெரிந்தது. பாராட்டுச் சொல் மட்டும் ஆர்வத்தைக் குறைக்காமல் கூட்டியது. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. அட்டைக் கடியில் நின்று காபி பறிப்பதை யாரும் ஓய்வு நேரத்தில் விளையாட்டாகச் செய்வதில்லை. இயல்பான ஆர்வம் இருந்த இடத்தில் பணம் அதைக் கெடுக்கலாம். இல்லாத இடத்தில் கெடுக்க என்ன இருக்கிறது? தோட்டத்தில் பணம் செய்த கெடுதல் வேறு. எது முக்கியம் என்று நாங்கள் வாயால் சொன்னதும் தராசால் சொன்னதும் வேறு வேறாக இருந்தன. அவர்கள் தராசை நம்பினார்கள்.

2024 டிசம்பர் 13

செவ்வாய்ப்பேட்டைக்காரர் திரும்பி வந்திருக்கிறார். பட்டறையில் கண்காணிப்புக் கேமரா பொருத்தப் போகிறாராம். ஆட்களின் கவனம் கூடும் என்று விற்பவர் சொன்னாராம்.

வெள்ளி இருக்கும் இடத்தில் கேமரா வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எங்கே பார்க்கிறது என்பதுதான் கேள்வி. சீனாவில் கைப்பேசி தயாரிக்கும் மாபெரும் தொழிற்சாலை ஒன்றில் ஈதன் பெர்ன்ஸ்டீன் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. எல்லா வரிசைகளும் மேலாளர் கண்ணுக்குத் தெரிகிறபடி திறந்த கூடம் அது. தொழிலாளர்கள் தாங்களே கண்டுபிடித்த விரைவான வழிகளை, யாராவது பார்க்கும்போது ஒளித்துவைத்து, புத்தகத்தில் உள்ளபடி மெதுவாகச் செய்துகாட்டினார்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அது எளிது. சில வரிசைகளைச் சுற்றித் திரை தொங்கவிட்டதும் உற்பத்தி 10 முதல் 15 சதவீதம் உயர்ந்தது.

உலைக்கும் தராசுக்கும் மேல் கேமரா வையுங்கள். தராசுக்கு மேல் இருக்கும் கேமரா ஆட்களையும் காக்கும். கொடுத்த வெள்ளி எவ்வளவு, திரும்பிய கொலுசு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்பதில் தகராறு வந்தால் அவர்களுக்கும் அது சாட்சி. பற்றவைக்கிறவர் கைக்கு மேல் வைத்தால் அவர் அப்பா காலத்து முறையிலேயே பற்றவைப்பார், நீங்கள் நினைத்தபடி ஒழுங்காக.

2024 டிசம்பர் 14

கேட்டிருக்கிறார்: "படம் அவர்களுக்கும் காட்ட வேண்டுமா?" ஆம். அதைக் காட்டமாட்டீர்கள் என்றால் மேலே எழுதியதில் பாதி பொருளற்றுப் போகும்.

2024 டிசம்பர் 27

வேறொரு வாசகர், ஒருவரே ஒரு கொலுசை முழுதாகச் செய்தால்தான் வேலையில் பெருமிதம் வரும் என்று எழுதியிருக்கிறார். நல்ல எண்ணம்தான், ஆனால் கம்பி இழுப்பது ஒரு வீட்டில், சங்கிலி பின்னுவது இன்னொரு வீட்டில், மெருகு மூன்றாவது தெருவில் என்று பிரிந்த தொழிலில் அது நடக்காது. முழுமையை ஒரு தனி ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அகமதாபாத் காலிகோ ஆலையில் 1953-இல் நடந்ததை ஜவுளி ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டும். தானியங்கித் தறிகளைக் கொண்டுவந்து, வேலையைத் துண்டு துண்டாக நேரம் பார்த்துப் பிரித்து, நெய்பவர், நூல் நிரப்புபவர், எண்ணெய் விடுபவர் என்று ஒவ்வொருவரையும் வெவ்வேறு எண்ணிக்கைத் தறிகளுக்குப் பொறுப்பாக்கியிருந்தார்கள். யார் யாரோடு சேர்ந்தவர் என்பது எவருக்கும் தெரியாது. எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை, சேதமும் குறையவில்லை. மனித உறவுகளை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஏ. கே. ரைஸ், குறிப்பிட்ட தறித் தொகுதிக்குக் குறிப்பிட்ட குழு முழுப் பொறுப்பு என்று மாற்றினால் என்ன என்று யோசனை சொன்னார். அதை எடுத்துக்கொண்டு, யார் எந்தக் குழு என்று தாங்களே பிரித்துக்கொண்டவர்கள் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும்தான். உற்பத்தி உயர்ந்தது, சேதம் இறங்கியது. பிற்பாடு எரிக் மில்லர் அங்கே திரும்பிப் போய்ப் பார்த்து 1975-இல் எழுதினார்: ஒரு கொட்டகையில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் நிலைத்திருந்தது, மற்றவற்றில் தேய்ந்துபோயிருந்தது. இந்தப் பின்பகுதியை மேடைகளில் சொல்லமாட்டார்கள். எனக்கோ முன்பகுதியைவிட இது பயனுள்ளதாகப் படுகிறது. இத்தகைய ஏற்பாட்டை ஒருமுறை செய்துவிட்டு நகர்ந்துவிட முடியாது; சந்தை நெருக்கும்போதும் ஆள் மாறும்போதும் யாராவது அதைக் காத்து நிற்க வேண்டும்.

உங்கள் பட்டறைக்குள் நடக்கும் மூன்று கட்டங்களையாவது ஒரு குழுவாக்கி, அந்தக் குழுவின் கொலுசு எந்தக் கடைக்குப் போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதை அவர்களுக்கே முதலில் சொல்லிப் பாருங்கள்.

2025 ஜனவரி 8

நவம்பர் 16-இல் விட்ட இடம். சித்தப்பாவின் பற்றவைப்பு.

செவ்வாய்ப்பேட்டைக்காரர் தனிமடலில் எழுதியதை அவர் அனுமதியோடு சுருக்குகிறேன். மெருகு போடும்போது பற்று விட்டிருப்பது தெரியும். சொன்னால் கொலுசு பற்றவைப்பவரிடம் திரும்பும். அவர் கூலியில்லாமல் மறுபடி செய்ய வேண்டும், அதில் ஏறும் சேதாரமும் அவர் தலையில். ஆகவே மெருகுக்காரர் சொல்வதில்லை, மெருகை ஏற்றி மறைத்துவிடுகிறார். கடையிலிருந்து திரும்பிய பிறகு உரிமையாளருக்குத் தெரிகிறது.

ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை எண்ணியபோது, நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்; கணக்கில் அதிகமாக வந்தது. அவர்கள் அதிகம் பிழை செய்யவில்லை, செய்ததை மறைக்கவில்லை. உங்கள் பட்டறையிலும் இதே தலைகீழ்க் கணக்கு ஓடுகிறது. உள்ளே பிழை இல்லை என்கிற ஏடு, கடைக்காரர் திருப்பி அனுப்புகிற பொட்டலம். மெருகுக்காரருக்கு அக்கறை இல்லை என்று நீங்கள் எழுதியது சரியல்ல. அக்கறை இருக்கிறது, அது பட்டறையைவிடச் சித்தப்பாவின் மீது இருக்கிறது, உங்கள் விதி அப்படித்தான் அமைந்திருக்கிறது.

என் யோசனை இது. பட்டறைக்குள் கண்டுபிடித்துச் சொல்லப்பட்ட பழுதுக்கு மறுவேலைக் கூலி கொடுங்கள், முழுக் கூலியில் பாதி போதும். அதற்காக யாரும் வேண்டுமென்று பழுது செய்யமாட்டார்கள், மறைக்கவும் வேண்டியிருக்காது. மறுவேலையின் சேதாரத்தைத் தனியாக எடை போட்டுப் பட்டறைக் கணக்கில் எழுதுங்கள். ஒரே கையிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அப்போது தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். பெரும்பாலும் பற்றவைக்கும் பொடியிலோ டச்சிலோ, அதாவது வெள்ளியின் தரத்திலோ, கோளாறு இருக்கும். முதலில் சொல்கிற ஆளுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பட்டறை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும், ஆகையால் அந்த முதல் வாரம் நீங்கள் பட்டறையில் இருங்கள்.

"இதற்கு மாதம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைகளிலிருந்து திரும்பியதை உருக்கி மறுபடி செய்ததற்குச் சென்ற ஆண்டு எவ்வளவு ஆனது என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்க வேண்டும். அதை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பொங்கல் முடிந்து வேலை தொடங்கும்போது ஒரு குழுவில் மட்டும் ஆரம்பியுங்கள். விதி மாறியதை மெருகுக்காரரிடம் மட்டும் சொல்லாமல், பற்றவைப்பவர்களையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்; சித்தப்பா காதில் அது உங்கள் வாயிலிருந்து விழ வேண்டும்.